இரும்புக்கை மாயாவி: ஒரு தொகுப்பு நூலின் குணமும் குற்றமும்

(சங்க வாசிகசாலைக் கூட்டத்தில், பல்லேகலயில், நிகழ்த்திய உரை)



சென்ற பொதுக்கூட்டத்தில் எமது வாசிகசாலைக்கு வாங்க வேண்டிய நூல்களின் பட்டியல் வாசிக்கப்பட்டபோது, ஒரு நூலின் பெயர் வந்ததும் சபை தடைப்பட்டு நின்றமை உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய புராணமும் கந்தபுராணமும் இருக்கிற அலுமாரியில் இரும்புக்கை மாயாவிக்கு என்ன வேலை என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. வாலிபர் சிலர் சிரித்தனர், அது நியாயமன்று. நூலை முழுவதும் வாசித்துக் குணமும் குற்றமும் எடுத்துச் சொல்லும்படி சபை எம்மைப் பணித்தது. இரண்டு முறை வாசித்தோம். அதன் பயனே இவ்வுரை.

முதலில் ஒன்றை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். நாம் இந்த மாயாவிக்கு அந்நியர் அல்லர். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. தலைமன்னார்க் கப்பலில் போய் வந்தவர்களின் பெட்டிகளில் இரண்டொரு பிரதிகள் வரும். அவை கைமாறிக் கைமாறி மலைநாட்டுக்கு வந்து சேரும்போது அட்டை இராது. கடைசிப் பக்கமும் பெரும்பாலும் இராது. கணக்குக் கொப்பிக்குள் வைத்து வாசித்தோம், பிடிபட்டோம், ஆசிரியர் ஒருவர் கிழித்தெறிந்ததும் உண்டு. முடிவு தெரியாத மாயாவிக் கதைகள் நாலைந்து இன்னும் எம் மனத்தில் கிடக்கின்றன. ஆகவே நடுநிலை தவறினோம் என்று யாரும் சொன்னால் அதில் ஓரளவு உண்மை இருக்கும்.

இக்கதை பிறந்த இடம் இங்கிலாந்து. 1962ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி வெளிவரத் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்னும் சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே இது ஆரம்பமாயிற்று. கதையைத் தொடங்கியவர் விஞ்ஞானக் கதைகள் எழுதிய கென் பல்மர். பின்னர் டொம் டல்லி தொடர்ந்து எழுதினார். சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் தேசத்து பார்சிலோனாவில் 1919இல் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. தமிழுக்கு இது வந்தது பத்தாண்டு கழித்து. சிவகாசியிலே சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் மலராக வெளியிட்டது ‘இரும்புக்கை மாயாவி’யைத்தான். பின்னர் சிவகாசியிலிருந்து மறுபதிப்புகளும் வந்துள்ளன. இப்போது எம் கையில் இருப்பது, ஆரம்பக் கதைகளைச் சேர்த்து ரெபெல்லியன் நிறுவனத்தார் 2021இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பு.

கதையை அறியாத பெரியோருக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். லூயி கிராண்டெல் என்பவன் ஓர் ஆய்வுகூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழக்கிறான். அதற்குப் பதிலாக உருக்குக் கை பொருத்தப்படுகிறது. மீண்டும் வேலைக்கு வந்த இடத்தில் இன்னொரு விபத்து. உயர் அழுத்த மின்சாரம் உடலிற் பாய்கிறது. உடல் மறைந்து போகிறது. கை மட்டும் மறையவில்லை. அன்று முதல், மின்சாரம் பாய்ந்தால் சிறிது நேரத்துக்கு மறைவான். நேரம் முடிந்தால் வெளிப்படுவான்.

இப்படிப்பட்ட வல்லமை கிடைத்தவன் என்ன செய்வான்? அமெரிக்கச் சித்திரக்கதை வீரர்கள் வல்லமை கிடைத்த மறுகணமே உலகைக் காக்கப் புறப்பட்டுவிடுவார்கள். கிராண்டெல் களவெடுக்கிறான்! இந்த இடத்திலேதான் நூல் எம்மைப் பிடித்தது. அவன் பிறவிக் கொடியவன் அல்லன். கசப்படைந்த சாதாரண மனிதன். எவரும் பாரார் என்ற எண்ணம் வந்தவுடன் அவனுள்ளே இருந்தது வெளியே வருகிறது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் அப்பாற் சென்ற கணத்தை நினைத்துப் பாருங்கள்; பஸ்ஸில் கண்டக்டர் எம்மைக் கவனியாது கடந்து போன நாளை நினைத்துப் பாருங்கள். இந்தக் கேள்வி பழையது. கண்ணுக்குப் புலனாகாமற் செய்யும் மோதிரம் ஒன்றைக் கண்டெடுத்த இடையனின் கதையைக் கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிவைத்தார். மேகத்தில் மறைந்து நின்று நாகபாசம் விட்ட இந்திரசித்தை நாம் அறிவோம். வாலியை இராமபிரான் மறைந்து நின்று எய்தது முறையா என்ற வழக்கோ எங்கள் பட்டிமன்றங்களில் இன்னும் தீரவில்லை.

தமிழில் ‘மாயாவி’ என்று பெயரிட்டவர்கள் அறிந்து இட்டார்களோ அறியாமல் இட்டார்களோ, பெயர் பொருத்தமாகவே வாய்த்துவிட்டது. இராமாயணத்திலே மாயாவி என்பவன் ஓர் அசுரன். வாலியைப் பொருதற்கழைத்துக் குகைக்குள் ஓடியவன். நம் மரபில் மாயை என்பது முதலில் அசுரர் கருவி. ஆங்கிலத் தலைப்பில் ‘உருக்கு நகம்’ என்ற அச்சம் மட்டுமே உண்டு. தமிழ்ப் பெயரிலோ இவன் நல்லவனா கெட்டவனா என்ற ஐயமும் சேர்ந்து வருகிறது.

இனிச் சித்திரம். பிளாஸ்கோவின் கருமைக்கு நாம் தலைவணங்குகிறோம். வர்ணமே இல்லை, வெள்ளைத் தாளில் கறுப்பு மை. ஈரத் தெருவும், மின்விளக்கும், வியர்த்த முகமும் அந்தக் கறுப்பிலேயே தெரிகின்றன. முழு உடலையும் வரையாமல், வெற்றிடத்தில் ஒரு கையை மட்டும் வரைந்து, அந்த விரல்களின் வளைவிலே கோபமும் அவசரமும் பயமும் காட்டுகிறார். முகமில்லாத பாத்திரத்தை நடிக்க வைப்பது இலகுவன்று. அன்றைய கையடக்கத் தமிழ்ப் பதிப்புகளில் இந்த நுட்பம் பாதி நசுங்கிப் போயிற்று. பெரிய தாளில் பார்த்தபோதுதான் நாம் சிறுவயதில் எதைக் காணாமல் விட்டோம் என்று விளங்கிற்று. மறைய முடியாத உறுப்பு கையாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. களவை எடுத்ததும் அதே கைதான்.

குற்றங்களுக்கு வருவோம். வாராவாரம் சில பக்கங்களாக வந்த தொடர் இது. அதனால் ஒவ்வொரு தவணையின் முடிவிலும் ஒரு திடுக்கீடு, அடுத்ததன் தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம். கிழமைக்கு ஒருமுறை வாசித்தவனுக்கு அது சுவை. ஒரே மூச்சில் தொகுப்பாக வாசிப்பவனுக்கோ, ஏழு நாளும் திருவிழா நடந்தால் வரும் அலுப்பு. வேண்டிய இடத்திலெல்லாம் மின்கம்பி வந்து வாய்க்கிறது. பெண் பாத்திரங்கள் அநேகமாக இல்லை. விஞ்ஞானம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இன்னொன்று கேட்பார்கள்: ஒளி முழுவதும் உடலை ஊடுருவிப் போனால் விழித்திரையில் பிம்பம் எப்படி விழும்? மாயாவி குருடனாக அல்லவா தடுமாற வேண்டும்? கேட்கட்டும், ஒளியியலுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இவையெல்லாம் சிறு குற்றங்கள். பெருங்குற்றம் ஒன்று உண்டு. இத்தொகுப்பில் திருடனாகத் தொடங்கியவன் தொடர்ந்து வரும் கதைகளில் நல்லவன் பக்கம் வந்துவிடுகிறான். பிற்பாடு நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகவும் ஆகிறான். எப்படி வந்தான்? எவ்விடத்தில் அவன் மனம் உடைந்தது? பறிகொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டானா? நூல் பேசவில்லை. கதாநாயகன் வாசகருக்குப் பிடித்துப் போனான், ஆதலால் நல்லவனாக்கினார்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது. கந்தபுராணத்தை வருடந்தோறும் படித்துப் பயன் சொல்லிக் கேட்ட எமக்கு இது போதாது. சூரபன்மனும் மாயையால் பல வடிவம் எடுத்தவனே. அவன் மயிலும் சேவலுமாக ஆகுமுன் கடலிலே மாமரமாய் நின்றான். வேல் அவனை இரு கூறாகப் பிளந்தது. அந்தப் பிளப்பு இல்லாமல் மயில் இல்லை. கிராண்டெலுக்கு வேல் படவேயில்லை. உத்தியோகம் மட்டும் கிடைத்தது.

இதைப் பெரியவர்கள் எடுத்துக்காட்டினால் வாலிபர் மறுக்க மாட்டார்கள் என்பது எம் நம்பிக்கை. ஆனால் இந்தக் குறையைக் காரணமாக்கி நூலை விலக்கிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. 1967இல் டில்லித் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் மாணவர் கிரேக்கத் தெய்வக் கதைகளுக்கு விடை சொல்லி, இராமனின் தாய் யாரென்று சொல்லத் தெரியாமல் நின்றதைக் கண்டார் அனந்த் பை. அவர் சித்திரக்கதையை வையவில்லை. அதே வடிவத்தில் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். எங்கள் அலுமாரியில் அந்த வரிசைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அவற்றில் நல்லவர் முதற் படத்திலிருந்தே நல்லவராக இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே எமது சிபாரிசு இது. தொகுப்பை வாங்குவோம். இரவல் கொடுக்க வேண்டாம். விலையும் கூட, பிரதியும் ஒன்று. சனிக்கிழமை மாலை வாசிப்பு வகுப்பில் மேசையில் வைத்து, ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளை ஒருவர் சிறுவருக்குத் தமிழில் சொல்லட்டும். கிராண்டெல் களவெடுக்கும் பக்கத்தில் நிறுத்தி, நீயானால் என்ன செய்வாய் என்று கேட்கட்டும். பெரியவர் ஒருவரும் கூட இருக்கட்டும். சென்ற கூட்டத்தில் கேள்வி கேட்ட ஐயா அவர்களே அதற்கு இசைந்தால் எமக்குப் பெரு மகிழ்ச்சி.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ தகரப் பெட்டியிலோ பழைய முத்து காமிக்ஸ் கிடந்தால் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள், வாசிகசாலைக்குத் தாருங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கடைசிப் பக்கம் இருந்தாற் போதும்.