தடம் மாற்றும் சின்ன மோட்டார்



சிங்கப்பூரில் மலாயா ரயில் ஓடிய காலத்தில், புக்கித் தீமா நிலையத்தில் ஆட்கள் நெம்புகோலை இழுத்துத் தடம் மாற்றினார்கள். 2011 ஜூன் 30-உடன் அந்த நிலையம் வழியாக ரயில் ஓடுவது நின்றது. லிட்டில் இந்தியா வழியாக 2003-இல் தொடங்கிய வடகிழக்குப் பாதையிலோ ஓட்டுநரே கிடையாது. தடம் மாற்றுவதும் மோட்டார்தான்.

பிள்ளைகளின் மாதிரி ரயிலிலும் பாயிண்ட் மோட்டார் உண்டு. இரண்டு கம்பிச்சுருள், நடுவே ஓர் இரும்புக் குச்சி. எந்தச் சுருளில் மின்சாரம் பாய்கிறதோ, அந்தப் பக்கம் குச்சி இழுபடும், தடமும் திரும்பும்.

திரும்பவில்லையா? தூக்கிப் போடாதீங்க. மின்சாரத்தை நிறுத்திவிட்டு விரலால் தள்ளிப் பாருங்க. தடுக்கினால் தூசியைத் துடையுங்க. எண்ணெய் விட்டால் இன்னும் தூசி ஒட்டும். லேசாக நகர்ந்தால், குறை மின்சார வலுவில் இருக்கலாம். அதற்காகப் பட்டனை விடாமல் அழுத்தினால் சுருள் கருகிப் போகும். சிம் லிம் டவர் கடைகளில் மின்தேக்கி கிடைக்கும். அதை வைத்து ஓர் இணைப்புச் செய்தால், மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் கொடுக்கும். குச்சி பலமாக நகரும், சுருளும் பிழைக்கும்.

இன்று பரிசு வாங்காத பிள்ளையையும் இப்படித்தான் பார்க்கணும். மேலும் மேலும் அழுத்தாதீங்க. எங்கே தடுக்குது என்று பாருங்க.