துறையும் அரணும் ஆற்றுப்படையும்

(உதகையில் தமிழன்பர் நடுவே நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)

  

தோடர்தம் குடியிருப்புக்கு மந்து என்று பெயர். ஒற்றைக்கல் மந்து என்பதே ஆங்கிலர் நாவில் ஊட்டகமண்டு ஆகி, பின்னர் ஊட்டி எனத் தேய்ந்தது என்பர். பெயர் தேய்ந்தபோது பொருளும் தேய்ந்தது. இம்மலைக்கு வருவோருள் எத்தனைபேர் அப்பெயருள் ஒரு கல்லும் ஒரு குடியிருப்பும் கிடப்பதை அறிவர்? ஊர்ப்பெயருக்கு நேர்ந்த இக்கேடு இன்று தொழிற்சொற்களுக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் அங்கே இழப்பு பெயரோடு நிற்பதில்லை; தொழிலே கெடுகிறது. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

நீலமலைச் சரிவில் ஒரு சிறு தேயிலை ஆலை இருப்பதாகக் கொள்க. ஆலைக்கு உரியவர் குன்னூரில் தம் வீட்டிலிருந்தே ஆலையின் கண்காணிப்புப் படக்கருவிகளைக் காண விரும்புகிறார். கருவியைப் பொருத்த வந்த இளைஞன், 'பயர்வாலில் போர்ட் பார்வர்டிங் போட்டுவிட்டேன்' என்கிறான். படம் வரவில்லை. கருவியை அணைத்து மீண்டும் இயக்குகிறான், எண்ணை மாற்றுகிறான், கடைசியில் தடையனைத்தையும் திறந்தே விடுகிறான். அப்போதும் படம் வரவில்லை. பொழுது சாய்ந்தும் பழுது எங்கே என்று அவனுக்குப் புலப்படவில்லை. அவன் அறிவில் குறையில்லை. அவன் பயின்ற சொற்கள் அவனுக்கு வெறும் ஒலிகளாய் இருப்பதே குறை.

அச்சொற்களைத் தமிழில் வைத்துக் காண்க. பயர்வால் என்பதைத் தீச்சுவர் என்று சிலர் பெயர்த்தனர். அது சொல்லைப் பெயர்த்ததே அன்றிப் பொருளைப் பெயர்த்ததன்று. தீயைத் தடுக்கும் சுவர் எதனையும் உள்ளே விடாது. இதுவோ விடத்தக்கதை விட்டுத் தடுக்கத்தக்கதைத் தடுப்பது. அதற்கு அரண் என்பதே பொருந்தும். திருவள்ளுவர் தம் நூலின் 75-ஆம் அதிகாரத்தை அரணுக்கே ஒதுக்கினார். வாயிலில்லா அரண் இல்லை. வாயிலைக் காக்கும் திறமே அரணின் திறம்.

போர்ட் என்பது துறை. ஆறு ஒன்றே, நீராடும் துறை வேறு, தோணி அணையும் துறை வேறு. அவ்வாறே ஒரே முகவரியுடைய கணிப்பொறியில் 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட துறைகள் உள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80, 443. தொலைவிலிருந்து ஆணையிட 22. பெயரைக் கொடுத்து முகவரி பெற 53. படக்கருவியின் ஓடும் படத்துக்குப் பெரும்பாலும் 554.

பார்வர்டிங் என்பதோ ஆற்றுப்படுத்தல். பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைபடுகடாம், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது. வெளியிலிருந்து வரும் பொதிக்கு, 'நீ தேடும் கருவி இன்ன இடத்தில் உள்ளது. இவ்வழியே செல்க' என்று வாயில் காவலன் கூறுவதும் அதுவே.

இவ்வழிப்படுத்தல் ஏன் வேண்டும்? இணைய முகவரியின் நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலகின் கருவிகளுக்கு அவை போதா. ஆகவே வெளிமுகவரி ஒன்றைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் முறை 1994-இல் வகுத்துரைக்கப்பட்டது. 192.168 எனத் தொடங்குவன உள்முகவரிகள். உள்ளிருந்து சென்ற பொதிக்கு மறுமொழி வந்தால், ரூட்டர் என்று கடைகளில் விற்கப்படும் திசைவி அதனை அடையாளம் கண்டு உரியவரிடம் சேர்க்கும். வெளியிலிருந்து தானாக வரும் பொதியை எவரிடம் சேர்ப்பது என்று அதற்குத் தெரியாது. அதனைத் தெரிவிப்பதே கட்டளை.

இம்மலைக்கே அத்தகைய காவல் உண்டு. சென்னை உயர்முறைமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலமலைக்கு வரும் வெளியூர் ஊர்திகளுக்கு மின்னிசைவுச் சீட்டு வேண்டப்பட்டது. 2025-இல் ஏப்ரல் முதல் சூன் வரை, வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 ஊர்திகள் என வரம்பும் இடப்பட்டது. உள்ளூர் ஊர்திக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. காவலன் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை; ஊர்தியின் வகையையும் பார்க்கிறான். இங்கேதான் இளைஞர் பலர் இடறுகின்றனர்.

பொதிகளிலும் வகை உண்டு. டி.சி.பி. என்பது ஒப்புகை பெற்றுச் செல்லும் நெறி. போய்ச் சேராத பொதியை மீண்டும் விடுப்பது. யு.டி.பி. என்பது ஒப்புகை எதிர்பாரா நெறி. விரைவே அதன் பயன். இரண்டுக்கும் துறையெண்கள் தனித்தனி. ஒன்றில் 53-ஐத் திறந்தால் மற்றதில் 53 திறவாது. பெயர்த்தேடலுக்கு இரண்டும் வேண்டும். 443 நெடுங்காலம் ஒப்புகை நெறிக்கே உரியதாக இருந்தது. 2022-இல் வரையறுக்கப்பட்ட இணையப்பக்க நெறியின் மூன்றாம் பதிப்பு யு.டி.பி. வழியே அதே எண்ணில் செல்கிறது.

சில நெறிகள் ஒரு துறையோடு அமைவதில்லை. கோப்பு மாற்றும் எப்.டி.பி. 21-இல் பேசும்; கோப்பை வேறு துறை வழியே தரும். 21-ஐ மட்டும் திறந்தவர்க்குக் கடவுச்சொல் ஏற்கப்படும். கோப்புப் பட்டியல் வாராது. இணையத் தொலைபேசியில் எஸ்.ஐ.பி. அழைப்பு 5060-இல் வரும். குரல் வேறு துறைகளில் வரும். மணி ஒலித்தும் குரல் கேளாவிடில் குரலின் துறைகள் அடைபட்டிருத்தல் கூடும். இன்னும் சில நெறிகளுக்குத் துறையே இல்லை. பிங் என்னும் எதிரொலி நோட்டம் அத்தகையது. ஜி.ஆர்.இ. நெறிக்கு 47, ஈ.எஸ்.பி. நெறிக்கு 50 என்பன நெறியெண்கள், துறையெண்கள் அல்ல. 47-ஆம் துறையைத் திறந்துவிட்டுக் காத்திருப்பவன், ஊர்தியின் வகையெண்ணைக் கதவெண் என்று மயங்கியவன்.

இனிப் பழுது காணும் முறை. மருந்துக்குமுன் நோய் நாடுக. உள்ளிருந்து வெளியே வருக. முதலாவது, ஆலைக்குள்ளேயே வேறொரு கணிப்பொறியிலிருந்து படக்கருவியை அழைத்துப் பார்க்க. உள்ளே படம் தெரியாவிடில் வாயிலைக் குறை கூறிப் பயனில்லை. இரண்டாவது, கருவியின் உள்முகவரி மாறிற்றா என்று காண்க. மின்வெட்டுக்குப்பின் திசைவி முகவரிகளைப் புதிதாக வழங்கியிருக்கலாம். கட்டளையோ பழைய முகவரிக்கே ஆற்றுப்படுத்தும். முகவரியை நிலையாக ஒதுக்குவதே தீர்வு. மூன்றாவது, எண்ணும் நெறிவகையும் பொருந்துகின்றனவா என நோக்குக. நான்காவது, நோட்டத்தை வெளியிலிருந்து செய்க. உள்ளிருந்துகொண்டே வெளிமுகவரியை அழைத்தால் சில திசைவிகள் ஏற்பதில்லை. கைப்பேசியின் இணையத்தைக்கொண்டு பார்க்க.

ஐந்தாவதே தலையாயது. திசைவியின் வெளிமுகவரி யாது? அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் அதற்கு மேலும் ஒரு வாயில் உள்ளது என்று பொருள். கல்லாற்றில் ஒரு காவலும் மேலே பர்லியாற்றில் மற்றொரு காவலும் இருந்தால், ஒன்றில் பெற்ற இசைவு மற்றதற்கு ஆகாது. இரண்டிலும் கட்டளை வேண்டும். 100.64 முதல் 100.127 வரை அமைந்திருந்தால், இணையம் வழங்கும் நிறுவனமே ஒரு வெளிமுகவரியைப் பலர்க்குப் பகிர்ந்து தந்துள்ளது; 2012-இல் இதற்கெனவே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. அவ்வாயில் வாடிக்கையாளர் கையில் இல்லை. அந்த இளைஞன் ஆயிரம் முறை எண்ணை மாற்றினும் படம் வாராது. பொது முகவரி கேட்டுப் பெறலாம். அல்லது உள்ளிருந்தே வெளிநோக்கி மறைவழி ஒன்று அமைக்கலாம்.

அன்பர்களே! படம் வாராமை சிறு தீங்கு. படம் வரவேண்டி அரணைத் திறந்துபோட்டமை பெருந்தீங்கு. 2016-இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத படக்கருவிகளையும் திசைவிகளையும் 23, 2323 ஆகிய துறைகளின் வழியே கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அத்தகைய கருவிகள், டைன் என்னும் பெயர்முகவரி நிறுவனத்தைத் தாக்கின. டுவிட்டர் முதலான தளங்கள் பல மணிநேரம் முடங்கின. தாக்கிய படையில் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டிவைத்த எளிய கருவிகளே நின்றன. அவற்றுக்கு உரியவர் எவரும் தம் வாயில் திறந்துகிடப்பதை அறிந்திலர். ஆகவே வேண்டிய துறையை மட்டும், வேண்டிய முகவரிக்கு மட்டும், வேண்டிய காலத்துக்கு மட்டும் திறக்க. கடவுச்சொல்லை முதல்நாளே மாற்றுக. கூடுமாயின் படக்கருவியின் துறையை வெளியே திறவாது மறைவழியையே கொள்க.

அந்த இளைஞன் 'பயர்வாலைத் திறந்தேன்' என்றபோது அவன் நெஞ்சில் எவ்வச்சமும் எழவில்லை. 'அரணைத் திறந்தேன்' என்று சொல்லியிருந்தால் நா கூசியிருக்கும். சொல் விளங்கினால் செயலின் விளைவும் விளங்கும். தாய்மொழிச் சொல்லின் ஆற்றல் அது.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழைத் தொடங்கியபோது, பேச்சும் எழுத்தும் தூய்மையாதலே முதற்கடனாயிற்று. பாவாணர் சொல்லின் வேரைக் காட்டினார். இனித் தமிழ் ஏறவேண்டிய படி தொழிற்கூடம். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பல்தொழிற் பயிலகங்களிலும் அரண், துறை, நெறி, பொதி என்று தொடங்கிப் பொருள்விளங்கக் கற்பிக்கவேண்டும். ஆங்கிலச் சொல் கருவியின் திரையில் உள்ளது. அதனை மாணாக்கன் அறியட்டும். ஆனால் கருத்து அவன் மொழியில் வேரூன்றட்டும். இயக்கத்தார் அரசை நோக்கி முழங்குவதோடு அமையாது, ஊர்தோறும் கணிப்பொறி அறிந்த தமிழிளைஞரைக் கூட்டி, இவ்வைந்து படிநிலைகளை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு, திசைவி விற்கும் கடைகளில் ஒட்டச்செய்க. ஒரு பழுதைத் தமிழால் தீர்த்துக்காட்டுவது, தமிழால் இயலாது என்பார்க்கு நூறு மேடைகளினும் வலிய மறுமொழி.

அரண் தமிழர்க்குப் புதிதன்று, துறை புதிதன்று, ஆற்றுப்படை புதிதன்று. கருவிதான் புதிது. வெல்க தமிழ்!