பாறையின் வரிசை கண்ட நில அளவையாளர்

ஆறு கொண்டுவரும் மணலும் சேறும், கடலடியில் மாண்ட சிப்பியும் சங்கும், படைபடையாகப் படிந்து காலப்போக்கில் இறுகிக் கல்லாகின்றன. இவற்றை அடையற் பாறைகள் என்பர். இப்பாறைகளின் ஒழுங்கை உலகறியச் செய்தவருள் முதன்மையானவர், பல்கலைக்கழகப் படியை மிதியாத ஒரு நில அளவையாளர். அவரே வில்லியம் சிமித்.

1769 ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயரிலுள்ள சேர்ச்சில் என்னும் கிராமத்தில், ஒரு கொல்லரின் மகனாக அவர் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்தார். கிராமப் பள்ளியோடு கல்வி முடிந்தது. பதினெட்டாம் வயதில் நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளராய் அமர்ந்தார்.

பின்னர், சோமசெற் பகுதியில் நிலக்கரி கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டும் பணி அவரை அடைந்தது. சுரங்கங்களில் இறங்கியபோதும் கால்வாய்க்கு நிலம் அகழ்ந்தபோதும், பாறைப்படைகள் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருத்தலை அவர் கண்டார். ஆனால் நிறத்தாலும் தன்மையாலும் ஒத்த இரு படைகளை வேறுபிரித்தறிவது எங்ஙனம்? விடை உயிர்ச்சுவடுகளிற் கிடைத்தது. ஒவ்வொரு படையும் தனக்கேயுரிய சுவடுகளைத் தாங்கி நின்றது. சுவட்டைக் கண்டாற் படையை அறியலாம். படையை அறிந்தால் அதன் கீழிருப்பது யாதென முன்னரே கூறலாம். நிலக்கரியில்லா இடத்தில் வீணே குழி தோண்டிப் பொருளிழந்தோர்க்கு இது பெரும் பயன் தரும் அறிவாயிற்று.

1799 இற் கால்வாய்ப் பணி கைவிட்டுப் போயிற்று. சிமித் தளரவில்லை. நாடெங்கும் பயணஞ்செய்து, கண்டவற்றையெல்லாம் குறித்து, 1815 இல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றோடு ஸ்கொத்லாந்தின் ஒரு பகுதியையும் காட்டும் புவிச்சரிதவியற் படத்தை வெளியிட்டார். பதினைந்து தாள்கள் இணைந்து எட்டடிக்கு மேல் உயர்ந்த அப்படம், கையால் வண்ணந் தீட்டப்பெற்றது.

புகழுக்கு முன் கடன் வந்தது. அரிதிற் சேர்த்த உயிர்ச்சுவடுகளைப் பிரித்தானிய நூதனசாலைக்கு விற்றும் கடன் தீரவில்லை. 1819 இற் கடனாளிச் சிறையிற் சில வாரங்கள் கிடந்தார். மீண்டபின் இலண்டனை விட்டு, வடநாட்டில் ஊரூராய்ச் சென்று நிலம் அளந்து பிழைத்தார்.

காலந் தாழ்த்தேனும் மதிப்பு வந்தது. 1831 இல் இலண்டன் புவிச்சரிதவியற் கழகம் தனது முதலாவது வொலஸ்ரன் பதக்கத்தை அவருக்கே அளித்தது. கழகத் தலைவர் அடம் செட்விக் அவரை 'ஆங்கிலப் புவிச்சரிதவியலின் தந்தை' எனப் போற்றினார். அடுத்த ஆண்டு அரசு அவருக்கு ஆண்டுக்கு 100 பவுண் உபகாரச் சம்பளம் வழங்கியது. 1839 இல் அவர் மறைந்தார்.

இன்றும் எண்ணெய்க் கிணறு துளைப்போர், ஆழத்திலிருந்து வருங் கற்றூளில் நுண்ணிய உயிர்ச்சுவடுகளைத் தேடிப் படையின் வயதை உறுதிசெய்கின்றனர். கொல்லன் மகன் கால்வாய்க் கரையிற் கண்ட விதியே அங்கும் வழிகாட்டுகின்றது.