பழைய செங்கலும் அதைத் தட்டுகிற கைகளும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



பாட்டனார் கட்டிய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுகிறவர்கள் உங்களில் சிலர் உண்டு. "ஐயா, பழைய செங்கலை என்ன செய்யலாம்?" என்று கேட்கிறீர்கள். வீசிவிடாதிருங்கள். புதிதாக ஒரு செங்கல் வேண்டுமானால் நல்ல மண்ணை வெட்டவேண்டும், சூளைக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும். உங்கள் வாசலில் கிடப்பதோ ஏற்கெனவே வெந்த கல்.

முதலாவது சாந்தைப் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து பெரும்பாலும் செங்கலைவிட மிருதுவாயிருக்கும். அகன்ற உளியைச் சாய்த்துப் பிடித்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். சிமெண்டுச் சாந்து அப்படியல்ல. அது விடுமுன் கல் உடைந்துபோகும். அதோடு மல்லுக்கட்டவேண்டாம். உடைத்துச் செங்கல் ஜல்லியாக்கித் தரைக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம். ஆசிட் ஊற்றினால் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். கையையும் கண்ணையும் பொசுக்கும்; கல்லுக்குள் தங்கிப் பிறகு உப்பாகப் பூக்கும்.

தட்டி எடுத்த கல் இரண்டை ஒன்றோடொன்று மோதிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் விரிசலோ வேக்காட்டுக் குறையோ இருக்கும். நகத்தால் கீறினால் தடம் விழக்கூடாது. 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்து நிறுத்தால், உலர்ந்த எடையைவிட 20 சதவீதத்துக்குமேல் கூடியிருக்கக்கூடாது. மாட்டுத்தொழுவம், கழிப்பறை இவற்றின் கல்லில் உப்பு ஏறியிருக்கும், விட்டுவிடுங்கள். தேறியவை தோட்டத்துத் திண்ணைக்கும் மரத்தைச் சுற்றிய பாத்திக்கும் நடைபாதைக்கும் ஆகும். மாடியைத் தாங்குகிற சுவருக்குப் பொறியாளரைக் கேளாமல் வைக்காதிருங்கள்.

இனி, நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது. இந்தக் கல்லைத் தட்டுகிறது யார்? பல இடங்களில் கூலிக்கு வருகிற பெண்கள். செங்கலையும் மணல் கலந்த சாந்தையும் காய்ந்தபடியே தட்டும்போது எழும்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. வருஷக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிகோசிஸ் என்கிறார்கள். அதைக் குணமாக்க மருந்து இல்லை; காசநோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். மார்புநோய் வார்டில் ஜெபிக்கப் போகிறபோது "என்ன தொழில்?" என்று கேட்பது என் வழக்கம். கல் உடைத்தேன், இடிக்கிற வேலைக்குப் போனேன் என்று சொல்லுகிறவர்களின் மூச்சு, அந்த ஒரு வாக்கியத்துக்கே போதாமல் நின்று நின்று வருகிறது.

ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசிவிடுகிறோம். எண்ணிக்கை கூடவேண்டுமானால் வேகம் வேண்டும். நனைத்துக்கொண்டிருக்க நேரம் எங்கே? யாத்திராகமம் 5-ம் அதிகாரத்தில் வைக்கோலை நிறுத்திவிட்டுச் செங்கல் கணக்கை மட்டும் குறையாமல் கேட்ட ஆளோட்டிகளை நாம் அறிவோம். ஆகையால் நாட்கூலி பேசுங்கள். முந்தின இரவே கற்குவியலில் தண்ணீர் தெளித்து நனையவிடுங்கள். வேலை நடக்கும்போதும் ஈரம் காயக்கூடாது. திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமாய் வர உட்காரச் செய்யுங்கள். முந்தானையை மூக்கில் கட்டுவது போதாது. என்-95 முகக்கவசமும் கையுறையும் நீங்களே வாங்கிக்கொடுங்கள். உதிர்ந்த காரையைக் காய்ந்தபடி பெருக்கக்கூடாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். கையும் முகமும் கழுவச் சோப்பும் தண்ணீரும் சாப்பாட்டுக்கு முன்னே ஆயத்தமாய் இருக்கட்டும்.

இவையெல்லாம் சேர்ந்தால் பழைய கல்லின் விலை புதுக்கல்லுக்குச் சமமாய் வந்துவிடும் என்று கணக்குப் பார்க்கிற சகோதரர்கள் சொல்வார்கள். சில வீடுகளில் அப்படித்தான் வரும். அப்படியானால் எல்லாக் கல்லையும் தேற்றவேண்டியதில்லை. திண்ணைக்கு வேண்டிய இருநூறோ முந்நூறோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுமுன் அவற்றையும் நன்றாக நனைத்துக்கொள்ளக் கொத்தனாரிடம் சொல்லுங்கள். உலர்ந்த கல் சாந்திலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும்.