முடிவு தெரிந்த பிறகு

முடிவு தெரிந்துவிட்டால் அப்புறம் கதையில் படிக்க என்ன இருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. நானும் கேட்டவன்தான். சில அமெரிக்கச் சிறுகதைகளைத் திரும்பப் படித்த பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். இன்று பேசும் கதைகளின் முடிவையும் சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓ. ஹென்றி 1905-இல் எழுதிய கிறிஸ்துமஸ் பரிசுக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க மனைவி கூந்தலை விற்கிறாள். அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்க அவன் கடிகாரத்தையே விற்றிருக்கிறான். முதல் தடவை அந்தத் திருப்பம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது படித்தால் அவள் கையிலிருக்கும் சில்லறைதான் கண்ணில் நிற்கிறது. மொத்தம் 1 டாலர் 87 சென்ட். மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் கறிக்கடைக்காரரிடமும் கன்னம் சிவக்கச் சிவக்கப் பேரம் பேசி, ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்த காசு. மூன்று முறை எண்ணுகிறாள். கூந்தல் 20 டாலருக்குப் போகிறது. சங்கிலி 21 டாலர். வீடு திரும்பும்போது மிச்சம் 87 சென்ட். ஆஸ்டின் நகர வங்கியொன்றில் காசாளராக இருந்தவர் ஓ. ஹென்றி. காசு எண்ணும் கை எப்படி நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். கடைசிப் பத்தியில் அவரே முன்வந்து அந்தத் தம்பதியைப் புகழ்வது மட்டும் எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. 87 சென்ட் சொன்னதே போதும்.

கேட் ஷோப்பன் 1894-இல் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை' இரண்டு மூன்று பக்கம்தான். ரயில் விபத்தில் கணவன் இறந்துவிட்டான் என்று சேதி வருகிறது. மாடி அறையில் தனியே அழுதவளுக்குள், இனி நான் சுதந்திரமானவள் என்ற எண்ணம் மெல்லப் புகுகிறது. கணவன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான், இவள் இறந்துபோகிறாள். முதல் வாசிப்பில் அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கணவன் கொடுமைக்காரனல்ல, அன்பானவன் என்று கதையிலேயே இருக்கிறது. அன்பான வீட்டிலும் ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டலாம் என்பதை நான் மறுவாசிப்பில்தான் புரிந்துகொண்டேன்.

என்னை அதிகம் உலுக்கியது ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி'. 1948 ஜூனில் 'நியூ யார்க்கர்' இதழில் வந்தது. திகைத்தும் திட்டியும் எழுதிய வாசகர் கடிதங்கள் அந்தக் கோடையில் 300-க்கு மேல் வந்து குவிந்தன. கதை இதுதான்: ஒரு சிற்றூர், ஜூன் மாதக் காலை, ஆண்டுதோறும் நடக்கும் சீட்டுக் குலுக்கல். கறுப்புப் புள்ளியிட்ட சீட்டு யாருக்கு வருகிறதோ அவரை ஊரே கல்லால் அடிக்கும்.

டெஸ்ஸி என்பவள் பாத்திரம் கழுவிய ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே தாமதமாக ஓடிவருகிறாள். பக்கத்தில் நிற்கும் திருமதி டெலக்ரோவும் அவளும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். குலுக்கல் தன் குடும்பத்தின்மேல் விழும்வரை டெஸ்ஸிக்கு அதில் அநியாயம் எதுவும் தெரியவில்லை. விழுந்ததும், கட்டிக்கொடுத்த மகளையும் குலுக்கலில் சேர்க்கச் சொல்லிக் கத்துகிறாள். ஆள் கூடினால் தனக்கு ஆபத்து குறையுமே! பெற்ற தாய் அப்படிக் கேட்கும் இடத்தை நான் முதல் வாசிப்பில் கவனிக்காமலே கடந்திருக்கிறேன். கடைசியில் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லை எடுப்பவர் அதே திருமதி டெலக்ரோ. டெஸ்ஸியின் சின்ன மகன் டேவியின் கையிலும் யாரோ கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். அங்கே நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஜாக்சன் எதையும் ஒளித்து வைக்கவில்லை. நேயர்களே, முன்பே படித்தவர்கள் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். பையன்கள் சட்டைப்பை நிறையக் கற்களைத் திணிப்பது இரண்டாம் பத்தியிலேயே வருகிறது.