குடியேறச் செல்வோரின் பயண ஆவணங்களும் நம் நிகாஹ் பதிவேடும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிழைப்புத் தேடிக் கடல் கடப்பது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்கள் கையிலிருந்தது வேலைக்கான விசா. வேலை முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். இன்று நம் பிள்ளைகளில் சிலர் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நிலையாக வாழும் உரிமை பெற்றுச் செல்கின்றனர். ‘பி.ஆர். கிடைத்துவிட்டது, துஆச் செய்யுங்கள்’ என்று இனிப்புப் பெட்டியுடன் வருகின்றனர். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சியே. ஆயினும் அந்த மகிழ்ச்சியில் ஒன்றை மறந்துவிடக் கூடாது.

ஒப்புதல் வந்த நாளிலேயே ஒருவர் அந்நாட்டின் நிரந்தர வசிப்பாளர் ஆகிவிடுவதில்லை. அங்கே விமானத்திலிருந்து இறங்கி, குடிவரவு அதிகாரி ஆவணங்களைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, அனுமதித்த பிறகே அவ்வுரிமை தொடங்குகிறது. காகிதம் கைக்கு வந்த நாளுக்கும் கால் அம்மண்ணில் பதியும் நாளுக்கும் இடையில் சில மாதங்கள் உள்ளன. அந்தச் சில மாதங்களில்தான் நம் வீடுகளில் பெண் பார்ப்பதும், பட்டெடுப்பதும், நிகாஹ் முடிப்பதும் அவசர அவசரமாக நடைபெறுகின்றன. ஆகவேதான் பயண ஆவணங்களைப் பற்றிப் பள்ளிவாசலில் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், கையில் இருக்க வேண்டியவை எவை என்று பார்ப்போம்.

கனடா செல்வோருக்கு இரண்டு தேவை. ஒன்று, குடியேற்ற விசா ஒட்டப்பட்ட பாஸ்போர்ட். மற்றொன்று, நிரந்தர வசிப்புரிமை உறுதிச் சான்று. அச்சான்றில் கடைசித் தேதி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது மருத்துவப் பரிசோதனையின் ஓராண்டுக் காலத்தையோ பாஸ்போர்ட்டின் காலத்தையோ ஒட்டியே அமையும். அத்தேதிக்குள் சென்று இறங்கிவிட வேண்டும். பொதுவாக அது நீட்டித்துத் தரப்படுவதில்லை. குடும்பமாகச் செல்வோரில் முதன்மை விண்ணப்பதாரர் முதலில் செல்ல வேண்டும், அல்லது எல்லோரும் சேர்ந்து செல்ல வேண்டும். மனைவி மக்களை முன்னால் அனுப்பிவிட்டுத் தாம் பிறகு செல்வது ஆகாது. உடன் கொண்டு செல்லும் பொருள்களுக்கும் பின்னர் வரவிருக்கும் பொருள்களுக்கும் விலையுடன் பட்டியல் எழுதி, முதல் நாளிலேயே சுங்க அதிகாரியிடம் காட்ட வேண்டும். பத்தாயிரம் கனடா டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவித்தாக வேண்டும். அறிவிப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

அமெரிக்கா செல்வோருக்கான நேர்காணல் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடைபெறுகிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் குடியேற்ற விசா பொதுவாக ஆறு மாதத்திற்கு மேல் செல்லாது. முத்திரையிட்ட உறை ஏதும் தந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். எக்ஸ்ரே படம் தந்திருந்தால் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கியபின் முத்திரை குத்தப்பட்ட அந்த விசாவே ஓராண்டுக்குப் பச்சை அட்டையின் இடத்தில் நிற்கும். அட்டை அங்குள்ள முகவரிக்கு அஞ்சலில் வரும். அதற்கான கட்டணம் 2024 ஏப்ரலில் 220 டாலரிலிருந்து 235 டாலராக உயர்த்தப்பட்டது.

ஆஸ்திரேலியாவோ 2015 செப்டம்பர் முதல் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதையே நிறுத்திவிட்டது. எல்லாம் கணினியில், பாஸ்போர்ட் எண்ணுடன் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே, விசா கிடைத்தபின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய எண்ணைத் தெரிவித்தாக வேண்டும்.

இவ்வளவையும் முதலில் பார்ப்பவர் அயல்நாட்டு அதிகாரி அல்லர். சென்னை விமான நிலையத்தில் பயணச்சீட்டு பார்க்கும் ஊழியரே. ஆவணம் சரியில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். திருப்பி அழைத்தும் வர வேண்டும். அதனால்தான் அவர் ஒவ்வொரு எழுத்தையும் உற்றுப் பார்க்கிறார். நம்மவர் பெரும்பாலும் துபாய், தோஹா, லண்டன், பிராங்பர்ட் என்று இடையில் ஓர் ஊரில் விமானம் மாறியே செல்கின்றனர். அந்த இடைவழி நாட்டின் விதியையும் பயணச்சீட்டு வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

எழுத்து என்றதும் பெயரைச் சொல்ல வேண்டும். முஹம்மத் என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாம் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பள்ளிச் சான்றில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று, நிகாஹ் பதிவேட்டில் மற்றொன்று. தந்தை பெயரை ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் வேறிடத்தில் முழுமையாகவும் எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளோருக்குச் சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது எத்தனை பேர் தவித்தனர்! காஞ்சிப் பட்டில் கோர்வை என்பது என்ன? உடலும் கரையும் இழைக்கு இழை பூட்டிக்கொள்வதே. ஓரிழை தவறினாலும் அவ்விடத்தில் கிழியும். ஆவணங்களும் அவ்வாறே.

பெரியோர்களே! இனி நாம் சொல்ல வந்த தலையாய செய்திக்கு வருகிறோம்.

‘பையன் போகுமுன் நிகாஹ் மட்டும் ஓதி வைத்துவிடுவோம், வலீமாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், பதிவு செய்யவில்லையே, ஆகவே சட்டப்படி அவன் மணமாகாதவன்தானே’ என்று சிலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. ஈஜாபும் கபூலும் சாட்சிகள் முன்னிலையில் நிறைவேறிய கணமே நிகாஹ் நிறைவேறிவிட்டது. பதிவு செய்யாததால் அது இல்லாமல் போய்விடாது. அதன் பிறகு ‘மணமாகாதவன்’ என்று எங்கே கையெழுத்திட்டாலும் அது பொய்ச் சாட்சியமே.

அப்பொய்யின் விலையை யார் கொடுப்பது? கனடாவின் குடிவரவு விதிகளில் 117ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் நிரந்தர வசிப்பாளராக இறங்கும்போது தமக்கு மனைவியோ குழந்தையோ இருப்பதைத் தெரிவிக்காமலும், அவர்களைப் பரிசோதனைக்கு உட்படுத்தாமலும் இருந்தால், பின்னாளில் குடும்பப் பிரிவில் அவர்களை அழைத்துக்கொள்ள இயலாது. 2019இல் தொடங்கப்பட்ட ஒரு சிறப்புக் கொள்கை அகதிகளாகச் சென்றோர் போன்ற சிலருக்கே விலக்களித்தது. திறன்சார் பணியாளராகச் செல்லும் நம் பிள்ளைகள் அதை நம்பியிருக்க முடியாது. உண்மையை மறைத்தது தெரியவந்தால் உரிமையே பறிபோகலாம். ஐந்தாண்டுத் தடையும் உண்டு. அமெரிக்காவில் பச்சை அட்டை பெற்ற தாயோ தந்தையோ மணமாகாத மகனுக்காகவோ மகளுக்காகவோ மனுச் செய்திருந்தால், அங்கே நுழையுமுன் நடக்கும் நிகாஹ் அந்த மனுவையே செல்லாததாக்கிவிடும். மணமான பிள்ளைகளுக்கென்று அத்தகையோர் மனுச் செய்ய அங்கே பிரிவே இல்லை.

பையனுக்கு விமானமேறும் மகிழ்ச்சி. இங்கே தாய்வீட்டில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கோ, ஆண்டுகள் பல கழிந்தாலும் அழைப்பு வராது. அவள் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. தண்டனை மட்டும் அவளுக்கு. மணப்பெண்ணின் உரிமை நம் மீது அமானிதம் அல்லவா?

நேரான வழிகள் இரண்டே. கனடாவுக்குச் செல்வோர் நிகாஹ் முடித்தால், விமானம் ஏறுமுன் அந்நாட்டு அலுவலகத்திற்குத் தெரிவித்து, மனைவியையும் சேர்த்து, அவரது பரிசோதனை முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும். இல்லையேல் முதலில் சென்று இறங்கி, உரிமையை நிலைப்படுத்திக்கொண்டு, பிறகு ஊர் வந்து நிகாஹ் செய்ய வேண்டும். அமெரிக்காவுக்கு மேற்சொன்ன பிரிவில் செல்வோருக்கு இந்த இரண்டாவது வழியே உண்டு. குழந்தை பிறந்தாலும் அவ்வாறே தெரிவித்தாக வேண்டும்.

சென்றவர் திரும்பி வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் விசா முதல் நுழைவுக்கு மட்டுமே. இறங்கிய சில நாள்களில் அட்டை வருமுன் ஊர் வந்துவிட்டால், மீண்டும் விமானம் ஏறத் தனியே ஒரு பயண ஆவணத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுக்குள் 730 நாள்கள் அங்கே வசித்திருக்கவும் வேண்டும். பிள்ளைகள் அழைத்துக்கொண்ட வயதான பெற்றோர் சிலர் அமெரிக்காவின் குளிர் தாங்காமல் காஞ்சிக்கு வந்து தங்கிவிடுகின்றனர். ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பதாயின், புறப்படுமுன் அங்கிருந்தபடியே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இங்கே வந்த பிறகு அதற்கு விண்ணப்பிக்க வழியில்லை.

நிறைவாக, நம் நிர்வாகத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். நிகாஹ் விண்ணப்பம் தரும்போதே, மணமக்களில் எவருக்கேனும் வெளிநாட்டுக் குடியேற்ற மனு நிலுவையில் உள்ளதா என்று கேட்டு எழுத வேண்டும். இருந்தால், தக்க சட்ட ஆலோசனை பெற்ற பிறகே நாள் குறிக்கச் செய்ய வேண்டும். பதிவேட்டில் பெயரைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அதிலுள்ள எழுத்துப்படியே எழுத வேண்டும். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுமாறு ஒவ்வொரு மணமகனிடமும் மணமகளின் வலீயிடமும் அன்றே அறிவுறுத்த வேண்டும்.

செல்கின்ற பிள்ளைகள் உண்மையோடு செல்லவும், இருக்கின்ற பெண்மக்கள் உரிமையோடு அவர்களைச் சென்றடையவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.