பழைய கணிப்பொறியும் நம் கவிதைகளும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கவியரங்கமும் திறனாய்வும் நடைபெற்ற இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், அண்மையில் என் வீட்டுக் கணிப்பொறி பழுதுற்றபோது நம் வட்டத்தின் செல்வம் ஒன்று கைநழுவிப் போக இருந்தது. அதனால் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

இன்று நம்மிடையே இல்லாத நம் மூத்த கவிஞரை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தொடக்க ஆண்டுகளில் அவர் இங்கே படித்த கவிதைகளையெல்லாம் நான்தான் தட்டச்சு செய்து வைத்தேன். அச்சகத்தார் கேட்டுக்கொண்டபடி அவற்றைப் 'பாமினி' எழுத்துருவில் அடித்தேன். அவருடைய கையெழுத்துப் படிகள் பின்னாளில் கரையானுக்கு இரையாயின. எஞ்சியவை என் கணிப்பொறியில் இருந்த கோப்புகள் மட்டுமே. அவற்றை நூலாக்க வேண்டுமென்று அவர் மகள் கேட்டு வந்தபோது, அந்தக் கணிப்பொறி உயிர் பெற்று எழவே கால்மணி நேரம் ஆயிற்று.

அது 2013இல் வாங்கியது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றேன். "ஐயா, இதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குங்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகிறேன்" என்றார். 'அழித்துவிட்டு' என்ற சொல் என்னைத் திடுக்கிட வைத்தது. வன்தட்டை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். முதல் வேலையாக, அதிலிருந்த கோப்புகளை வேறு இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தேன்.

அதன் பின்னரே நோயின் மூலத்தை ஆராய்ந்தேன். பழைய வன்தட்டினுள் தகடு சுழல, ஊசி போன்ற ஒரு முனை இடம் தேடி அலைகிறது. நிமிடத்திற்கு 5400 முறை சுழன்றாலும், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும்போது அது திணறிப்போகிறது. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி.க்கு அந்த அலைச்சல் இல்லை. ஆகவே எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நான்கு ஜிபியாக இருந்த ராம் நினைவகத்தை எட்டாக உயர்த்தினேன். ஒவ்வொரு நாளும் தேதி தவறிக் காட்டியதற்குக் காரணம், தாய்ப்பலகையில் இருந்த நாணய அளவு மின்கலம் தீர்ந்து போனதுதான். அதையும் மாற்றினேன். புதிய கணிப்பொறியின் விலையில் சிறு பங்கே செலவாயிற்று.

அடுத்து இயங்குதளம் பற்றிய கேள்வி எழுந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் வகையாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. என்னுடையதோ மூன்றாம் தலைமுறை! குறுக்கு வழியில் ஏற்றலாம் என்றார்கள். உற்பத்தியாளரே பொறுப்பேற்க மறுக்கும் வழியில் நண்பரின் கவிதைகளை அனுப்ப மனம் ஒப்பவில்லை.

எனவே லினக்ஸை நாடினேன். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து நாட்டு மாணவர் தொடங்கி, பல நாட்டவர் கூடி வளர்த்த அதற்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் லினக்ஸ் மின்ட்டைத் தேர்ந்தேன். பேனா அளவிலான யு.எஸ்.பி.யில் ஏற்றி, எதையும் நிறுவாமலே அதை இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் ஒலியும் இயங்குகின்றனவா என்று பார்த்த பின்பே நிறுவினேன். தமிழ்99 விசைப்பலகையும் அதில் அமைந்தது.

அதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பேஜ்மேக்கரில் பக்கம் அமைப்பவர்களுக்கு விண்டோஸே ஏற்றது. கைப்பழக்கம் மாறவும் எனக்குச் சில வாரங்கள் ஆயின.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். புதிய தளத்தில் நண்பரின் கோப்பைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை! பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. 'தமிழ்' என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகவே உறங்குகிறது. எழுத்துரு போனால் மொழியே போய்விடுகிறது. ஒருங்குறியிலோ தமிழுக்கெனச் சொந்த இடம் உண்டு.

கோப்புகளை மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கினேன். பின்னர் 'மௌனம்' என்ற சொல்லைத் தேடியபோது ஒன்றுகூடக் கிட்டவில்லை. அவர் மிகுதியாகப் பயன்படுத்திய சொல்லல்லவா அது! உற்று நோக்கியபோதுதான் புரிந்தது: மாற்றி அதை 'மெ' என்றும் 'ள' என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணிப்பொறிக்கு வேறாக இருக்கிறது. அவர் மகள் அருகிலிருந்து வாசிக்க, வரி வரியாக மெய்ப்புப் பார்த்து முடித்தோம்.

ஏட்டுச்சுவடியைப் படியெடுக்காமல் விட்ட தலைமுறையை நாம் குறை கூறுகிறோம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததைப் போற்றுகிறோம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் குறுந்தகடும் பழைய கணிப்பொறியும் நம் காலத்துச் சுவடிகளே அல்லவா?

கவிஞர் பெருமக்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். எந்த இயங்குதளம் என்பது அவரவர் தேவையைப் பொறுத்தது. ஆனால் கணிப்பொறியைத் திறப்பதற்கு முன் படியெடுங்கள். ஒரு படியை வேறொருவர் வீட்டில் வையுங்கள். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, உங்கள் கண்ணாலேயே மெய்ப்புப் பாருங்கள். துணை தேவைப்படுவோர் ஞாயிறுதோறும் என் இல்லத்திற்கு வரலாம். பழைய கணிப்பொறி காத்திருக்கிறது.